அரை கிளட்ச் என்னும் கெட்ட வார்த்தை

“இன்னாம்மா, கம்பெனில ஏசி ரூமுல குந்திகினு கிளட்ச் பிளேட்ட கண்ணால பாத்துகினு இருக்கிற பொண்ணு நீ. வண்டிய ரெண்டா பொளந்து போட்டுட்டா அப்பால ஒட்ட வெக்க யாரு வருவா? உங்க மேனேஜரா?”

தாஸ் அண்ணன் இதைக் கேட்டபோது அவர் பற்களுக்கு நடுவில் ஒரு போல்ட் இருந்தது. அதனால் ‘மேனேஜர்’ என்பது ‘மேனேஷர்’ என்று வந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்போது சிரித்திருந்தால் வேலை கெட்டிருக்கும்.

மதுராந்தகத்துக்கும் அச்சரப்பாக்கத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது அவருடைய பட்டறை. பல வருட ஆயில் இறங்கி, மண் தரை கறுத்துக் கெட்டிப்பட்டு சிமெண்ட் போட்டது மாதிரி இருக்கும். அந்தத் தரையில்தான் எங்கள் டிராக்டர் நின்றிருந்தது. ஏறக்குறைய என் வயதுதான் அதற்கும்.

“ஒட்ட வெக்கவும் நானே வரேண்ணா. ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான்.”

“நாயித்துக்கெழமையா? நானு சர்ச்சுக்குப் போவ வாணாமா?”

“பத்து மணிக்கு மேல ஆரம்பிக்கலாம்.”

அவர் போல்ட்டை வாயிலிருந்து எடுத்தார். சட்டையில் துடைத்தார். “பாதிரியாரு பிரசங்கம் பத்தரை வரைக்கும் போவும்,” என்றார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பி.டி.ஓ. யார்?

போன வாரம் பாலிடெக்னிக் விடுதியைப் பற்றி எழுதியிருந்தேன். மெக்கானிக்கல் வகுப்பில் இருந்த அந்த இன்னொரு பெண் இப்போது எங்கே என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஓசூரில் இருக்கிறாள், நலம். இந்த வாரம் டிராக்டர்.

டிராக்டரின் பின்பக்கம், இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவில், சாண் நீளத்தில் ஓர் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் வரி வரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். என்ஜின் ஓடும்போது அது சுழலும். அதில் எந்தக் கருவியைப் பூட்டினாலும் அதுவும் சுழலும். சேறு கலக்கும் ரோட்டவேட்டர், கதிரடிக்கும் மெஷின், வைக்கோல் சுருட்டும் மெஷின், எல்லாவற்றுக்கும் உயிர் அங்கிருந்துதான் போகிறது. அந்தத் தண்டுக்கு எங்கள் ஊரில் பெயர் பி.டி.ஓ.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் நான்காவது படித்த காலத்தில், நைனா வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொல்வார்: “பி.டி.ஓ. சரியில்ல தேவகி. சுத்தவே மாட்டேன்றான்.”

நான் அதை ஜீப்பில் வரும் ஒன்றிய ஆபீஸ் பி.டி.ஓ. என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி. எங்கள் தெருவுக்கு இன்னும் குழாய் வராததற்கும் அவர் சுற்றாததற்கும் சம்பந்தம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஒருநாள் அவர் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் எழுந்து, “சார், நீங்க ஏன் சுத்தவே மாட்டேன்றீங்க?” என்று கேட்டேன்.

டீச்சர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

அடுத்த மாதம் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

நீலச் சட்டைக்கு அளவு

அந்த டிராக்டரை நைனா இருபது வருடத்துக்கு மேல் கூலிக்கு ஓட்டினார். வண்டி, நிலம், கிணறு எல்லாம் பெரிய வூட்டுக்காரர்களுடையது. எங்கள் குடும்பத்துக்கு இருந்தது அந்த வண்டியின் இருக்கை ஒன்றுதான், அதுவும் பகலில் மட்டும்.

பிறகு அந்த நிலம் மனைகளாயிற்று. வரப்பு இருந்த இடத்தில் வெள்ளைக் கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள். வண்டி யாருக்கும் வேண்டாததாகப் போனது. நைனா அதை வாங்கிக்கொண்டார். ஊரில் இன்றுவரை அதற்குப் பெயர் ‘பெரிய வூட்டு வண்டி’. யாராவது அப்படிச் சொன்னால், “ஏழுமலை வண்டி” என்று நான் திருத்துவேன். நைனா திருத்தமாட்டார்.

வாங்கிய பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. உழவுக்குப் பெரிய வண்டிகள் வந்துவிட்டன. அறுப்புக்குத் தனி மெஷின். மிச்சம் இருந்தது வைக்கோல். அறுவடை மெஷின் போன பிறகு வயலில் வரிசை வரிசையாக வைக்கோல் கிடக்கும். அதை அள்ளிச் சுருட்டி, பீப்பாய் மாதிரி உருளைகளாகக் கட்டிப் போடும் மெஷின் ஒன்று அச்சரப்பாக்கத்தில் குணசேகர் என்பவரிடம் இருந்தது. அதை இழுக்க அவருக்கு டிரைவரோடு ஒரு டிராக்டர் வேண்டும். பருவம் முழுக்க வேலை.

அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் குனிந்து பார்த்தார். “சிங்கிள் கிளட்ச்சா? ஆவாது தலைவா,” என்றார்.

ஏன் ஆகாது என்றால் இதுதான். ஒற்றை கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் சக்கரமும் நிற்கும், பின்னால் சுழலும் தண்டும் நிற்கும். வைக்கோல் மெஷின் வயிறு நிறைய விழுங்கிய பிறகு, வண்டி நிற்க வேண்டும். ஆனால் மெஷின் நிற்கக் கூடாது. உள்ளே சுழன்றுகொண்டே இருந்து உருளைக்குக் கயிறு சுற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து நின்றால் வைக்கோல் மெஷினின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரட்டை கிளட்ச் இருந்தால், வண்டியைத் தனியாகவும் தண்டைத் தனியாகவும் நிறுத்தலாம்.

குணசேகர் போன பிறகு சித்தப்பா ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேட்டில் காவலாளி வேலை. தையல்காரர் வீட்டுக்கே வந்து நீலச் சட்டைக்கு அளவெடுத்தார். நைனா கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், திரும்பச் சொன்னால் திரும்பினார். தையல்காரர் போனதும் வாளியை எடுத்துப்போய் வண்டியைக் கழுவினார். அன்று காலையில்தான் ஒருமுறை கழுவியிருந்தார்.

சட்டை தைத்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்ததும் அந்த ஒரு மாதம்தான்.

அட்டைப் பெட்டி மேல் ஒரு எண்

நான் வேலை செய்வது வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில். தரம் பார்க்கும் மேஜை என்னுடையது. கிளட்ச் வரும். அளப்பேன். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. இந்தத் தொடரிலேயே நான்கு முறை சொல்லிவிட்டேன் என்று பத்திரிகை ஆசிரியர் குறித்து அனுப்பியிருக்கிறார். இது ஐந்தாவது.

அளவெடுத்த அந்த வாரமே ஒருநாள் மேஜைக்கு வந்த அட்டைப் பெட்டிமேல் எங்கள் வண்டியின் மாடல் எண் இருந்தது. உள்ளே இரட்டை கிளட்ச். எனக்குப் புரியவில்லை. மதிய உணவு நேரத்தில் பழைய பட்டியல்களைத் தோண்டினேன். அந்த மாடலையே அந்தக் காலத்தில் இரண்டு விதமாக விற்றிருக்கிறார்கள். பெரிய வூட்டுக்காரர்கள் வாங்கியது மலிவான விதம். உடம்பு இரண்டுக்கும் ஒன்றேதான். கிளட்ச், ஒன்றுக்குள் ஒன்று ஓடும் இரண்டு தண்டுகள், பின்னால் தேய்ந்துபோன பி.டி.ஓ. தண்டு. இவற்றை மாற்றினால் எங்கள் வண்டியும் இரட்டை கிளட்ச் வண்டியாகிவிடும்.

பாகங்கள் என் போனஸில் வந்தன. அந்தக் கணக்கு இங்கே வேண்டாம்.

பட்டியலை ஒரு தாளில் எழுதி தாஸ் அண்ணனிடம் கொடுத்தேன். எந்தப் பாகம், எந்த எண், எந்த வரிசையில் கழற்றுவது, எல்லாம். அவர் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். “கையெழுத்து நல்லா கீது,” என்றார். அதன் பிறகு நடந்ததுதான் போல்ட்டும் மேனேஜரும்.

இரண்டு பாதி

டிராக்டரின் கிளட்ச்சைத் தொட வேண்டும் என்றால் வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். என்ஜினும் முன் சக்கரங்களும் ஒரு பாதி. கியர் பெட்டியும் பெரிய சக்கரங்களும் மறுபாதி. முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, பின்பாதியை மெதுவாக உருட்டி நகர்த்துவார்கள். நடுவில் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விடும்.

நைனா அன்று பட்டறைக்கு வந்தார். ஆனால் சாலையைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். போகிற லாரிகளை எண்ணுவதுபோல் இருந்தார்.

“ஏழுமலைண்ணா, இப்டி திரும்பி வந்து ஒரு கை குடேன்,” என்றார் தாஸ் அண்ணன்.

“முடிஞ்சப்பறம் சொல்லு. அப்பால திரும்பறேன்.”

புது கிளட்ச்சைப் பொருத்தினோம். அதன் நடுவில் விரல்கள் மாதிரிச் சின்ன இரும்புகள் இருக்கும். பெயரும் ஃபிங்கர்தான். எல்லா ஃபிங்கரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேட் கோணலாக விலகும். தாஸ் அண்ணன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“சரியா கீது. மூடு.”

நான் பாலிடெக்னிக்கில் வாங்கிய வெர்னியரை எடுத்து அளந்தேன். “இது ஒண்ணு மட்டும் முக்கா மில்லி கம்மிண்ணா.”

“முக்கா மில்லியா? ஒயின்ஷாப்புல ஊத்தறவன்கூட இவ்ளோ கரெக்டா அளக்க மாட்டான்மா.”

“அவரு ஊத்தறது சாயங்காலத்தோட போயிடும். இது பத்து வருஷம் நிக்கணும்.”

அவர் ஸ்பேனரை என்னிடமே நீட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. எல்லா விரலும் மட்டத்துக்கு வந்தன. அவரும் அளந்து பார்த்தார். அளந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார், நான் முதல் வருடத்தில் பிடித்ததுபோல.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாதிகளையும் சேர்த்தோம். கடைசி இரண்டு விரற்கடை இடைவெளி மிச்சம் இருக்கும்போது பின்பாதி நகர மறுத்தது. தள்ளினோம், ஆட்டினோம், தாஸ் அண்ணன் திட்டினார். சத்தத்தைக் கேட்டு நைனா முதல்முறையாகத் திரும்பினார். எழுந்து வந்தார். என்ஜின் பக்கம் கையை விட்டுப் பற்சக்கரத்தை ஒரு பல் அளவுக்குத் திருப்பினார். தண்டின் வரிகள் கிளட்ச்சின் பள்ளங்களுக்கு நேராக வந்தன. பின்பாதி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் ஒட்டியது.

பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, கியரைப் போட்டு, பெடலை என் கையாலேயே அழுத்திச் சோதித்தேன். கொஞ்சம் அழுத்தியதும் சக்கரம் நின்றது, தண்டு சுழன்றது. இன்னும் அழுத்தியதும் தண்டும் நின்றது. விட்டேன், மறுபடி அழுத்தினேன். பத்து முறை செய்தேன். பத்து முறையும் சரி.

பச்சைச் சீட்டு ஒட்டாத குறைதான்.

எங்கள் வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை

வயலுக்குப் போவதற்கு முன் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் பிறந்த வருடமோ அதற்கு முந்தியோ, நைனா பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ஒரு மேட்டில் மாட்டிக்கொண்டார். பெடலை முழுதாக விடவும் முடியாமல் முழுதாக மிதிக்கவும் முடியாமல், பாதியில் காலை வைத்தபடியே வண்டியை ஏற்றினார். பிளேட் எரிந்துபோனது. அந்த வாடையை அறிந்தவர்களுக்குத் தெரியும், கருகிய முடியும் ரப்பரும் கலந்த ஒரு வாடை. பெரிய வூட்டுக்காரர் எல்லார் முன்னாலும், “அரை கிளட்ச் போடுறவன்லாம் டிரைவரா?” என்று கேட்டுவிட்டு, அந்த அறுவடை முழுக்க வேறொருவரை இருக்கையில் உட்காரவைத்தார்.

அதிலிருந்து நைனா பெடலைத் தொட்டால் அடிவரைக்கும்தான். எங்கள் வீட்டில் அது ஒரு வசவாகவும் ஆகிவிட்டது. பாத்திரம் சரியாகத் தேய்க்காவிட்டால், “இன்னா தமிழு, அரை கிளட்ச்சா தேச்சிகிற?” வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கை விட்டால் அதுவும் அரை கிளட்ச். நான் தமிழரசி என்று எழுதப் பழகியபோது கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத நைனா அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “கடைசில அரை கிளட்ச் போட்டுட்ட,” என்றார்.

நான் படித்து முடித்ததில் அந்த வசவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அது ஒருநாள் எனக்கு எதிராகத் திரும்பும் என்று நினைக்கவில்லை.

மூன்று உருளை

அறுப்பு முடிந்த வயல். மாசி வெயில் இன்னும் ஏறவில்லை. குணசேகர் மெஷினைக் கொண்டுவந்திருந்தார். வரப்பில் இன்னொரு டிராக்டரும் அதன் டிரைவரும் காத்திருந்தார்கள்.

“மூணு உருள,” என்றார் குணசேகர். “அடைக்காம மூணு உருள வுழுந்தா சீசன் உனுக்கு. இல்லன்னா அந்த வண்டிய மாட்டிகினு போய்கினே இருப்பேன். கோச்சிக்காத தலைவா.”

நைனா தலையாட்டினார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார். ஏறி உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. மெஷின் வைக்கோலை வரிசையோடு வாரி விழுங்கியது. தூசி எழும்பியது. மெஷினின் வயிறு நிறைந்ததும் மணி அடித்தது. நைனா பெடலை மிதித்தார்.

வண்டி நின்றது. மெஷினும் நின்றது.

மறுபடி ஓடவிட்டபோது முனகியது, குலுங்கியது, அடைத்துக்கொண்டது. கையை விட்டு வைக்கோலைப் பிடுங்கிப் போட்டார்கள். இரண்டாவது முறையும் அப்படியே. வரப்பில் இருந்த டிரைவர் தன் வண்டியின் மட்கார்டில் தாளம் தட்ட ஆரம்பித்தார்.

“கிளட்ச் மாத்துனீங்களா, இல்ல கழட்டித் தொடச்சி மாட்டுனீங்களா?” என்றார் குணசேகர். “இன்னோர் தபா பாப்பேன். அவ்ளோதான்.”

தாஸ் அண்ணன் என் காதருகே வந்தார். “ஃபிங்கரு எறங்கிடுச்சோ?”

“இருக்காதுண்ணா.” முட்டி போட்டு அடியில் நுழைந்தேன். இணைப்புக் கம்பி, அதன் நட்டு, பெடலின் தளர்வு, எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. எதற்கும் சிவப்புச் சீட்டு ஒட்ட முடியாது.

அடியில் படுத்தபடியே மேலே பார்த்தேன். நைனாவின் வெறுங்கால் தெரிந்தது. “நைனா, ஒரு தபா மிதி,” என்றேன். பாதம் பெடலை அடிவரைக்கும் கொண்டுபோய்ப் பலகையில் இடித்தது. முட்டி நீட்டி, நரம்பு புடைத்து, அங்கேயே நின்றது.

நான் பட்டறையில் கையால் அழுத்தினேன். நைனா காலால் மிதிக்கிறார். இருபது வருடமாக மிதிக்கிற அதே மிதி.

சந்தோஷத்தில் வெளியே உருண்டு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன்: “நைனா, வண்டி நல்லாதான் கீது! நீதான் ஃபுல்லா மிதிக்கிற. அரை கிளட்ச் போடு!”

வரப்பில் தாளம் நின்றது. பிறகு அந்த டிரைவர் சிரித்தார்.

நைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார்: “அரை கிளட்ச் போடுறவன் டிரைவரே இல்ல. அத்த நா செய்ய மாட்டேன். வோணும்னா வண்டிய வித்துடு.”

கீழே இறங்கினார்.

என்ன சொன்னேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி போதும் என்று விளக்கப் பார்த்தேன். இதில் பாதி என்பது தப்பில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றேன். வாயைத் திறந்தால் ‘பாதி’யும் ‘அரை’யும்தான் வந்தன. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது. குணசேகர் மெஷினின் கொக்கியைக் கழற்றக் குனிந்துவிட்டார்.

அம்மா நாஸ்தாத் தூக்கோடு வந்திருந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை அவளுக்கு. அன்று இதற்காகவே விடுப்பு போட்டிருந்தாள். என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

“அந்தாளுகிட்ட போயி அரை, பாதின்னுகினு கீற. அந்த வார்த்தையில அவுரு எவ்ளோ மானம் கெட்டாருன்னு உனுக்குத் தெரியாதா?”

“அதுதாம்மா அதோட பேரு. பாதிலதான் நிறுத்தணும்.”

“பேர மாத்து.” தூக்கை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “எங்க வேனுல ஏற ரெண்டு படி கீது. மொத படில நிக்கிறவன அரைப் படில நிக்கிறான்னா சொல்றோம்? மொத படில நிக்கிறான்னுதான சொல்றோம்?”

கம்பெனி வரைபடத்தில் அச்சடித்திருப்பதும் அதுதான், ஆங்கிலத்தில். முதல் நிலை, இரண்டாம் நிலை. மூன்று வருடமாக அந்த வரைபடத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். ஒருநாள்கூட அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் தமிழில் யோசித்ததில்லை.

நைனாவிடம் போனேன். இந்த முறை கத்தவில்லை.

“நைனா, நா தப்பா சொல்ட்டேன். இது பழைய கிளட்ச் இல்ல. இதுக்கு ரெண்டு படி. மொத படில வண்டி நிக்கும். ரெண்டாம் படில பின்னாடி சுத்தறது நிக்கும். நீ நேரா ரெண்டாம் படிக்கு எறங்கிடுற.”

அவர் பெடலைப் பார்த்தார். “ரெண்டு படியா?”

“ரெண்டு.”

“மொத படி எங்க முடியுதுன்னு தெரியுமா?”

“கால்ல தெரியும். ஒரு தட்டு தட்டும்.”

நைனா வெறுங்காலை மண்ணில் ஒருமுறை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு, “அப்போ மொத படிய முழுசா மிதிக்கணும்,” என்றார்.

“முழுசா நைனா. மொத படிய முழுசா.”

ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு பெடலை மெல்ல மெல்ல இறக்கினார். ஓரிடத்தில் கால் நின்றது. “தோ, தட்டுது,” என்றார். விட்டார். மறுபடி அந்த இடத்துக்கே போனார். நான்காவது தடவை கண்ணைத் திறந்துகொண்டே செய்தார்.

“குணசேகரு, கொக்கிய மாட்டு.”

வண்டி நகர்ந்தது. மெஷின் விழுங்கியது. மணி அடித்தது. நைனாவின் முட்டி இறங்கி, நடுவில் நின்றது. சக்கரங்கள் நின்றன. பின்னால் தண்டு சுழன்றுகொண்டே இருந்தது, சத்தம் ஒரு துளி மாறவில்லை. உள்ளே கயிறு சுற்றும் சரசரப்பு கேட்டது. மெஷினின் பின்கதவு திறந்து, மஞ்சளாக, கொழுகொழுவென்று ஓர் உருளை தரையில் விழுந்து அரைச் சுற்று உருண்டு நின்றது. புது வைக்கோல் வாசனை எங்கள்மேல் வந்து அடித்தது.

இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது. நைனா நிறுத்தவில்லை. பதினொன்றாவது உருளையில்தான் தண்ணீர் கேட்டார்.

வரப்பில் காத்திருந்த டிரைவர் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும்போது நைனாவின் பக்கத்தில் நிறுத்தி, “இன்னாண்ணாத்த, அது இன்னா படி?” என்று கேட்டார். நைனா தன் காலைக் காட்டி விளக்கினார். வகுப்பு எடுக்கிற மாதிரி நீண்ட நேரம் விளக்கினார். நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே சொல்லவில்லை.

நீலச் சட்டை தைத்து வந்தது. சித்தப்பாவுக்குச் சரியாக இருந்ததால் அவரே அந்த வேலைக்குப் போகிறார். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்கிறார்.

சவுக்கு

வைக்கோல் பங்குனிக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் நைனா அந்த இருக்கையில் இருக்க வேண்டும் என்றால் வேறு வேலை வேண்டும். பருவம் பாதி நடக்கும்போதே நான் தேட ஆரம்பித்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாகச் சவுக்குத் தோப்புகள். மரம் வெட்டிய பிறகு, கழித்த சிறுகிளைகளான மிலாறு குன்றுபோலக் குவிந்து கிடக்கும். அதை நொறுக்கித் தூளாக்கும் மெஷினுக்கு, சுழற்சி நிற்காத டிராக்டர் ஒன்றைக் குத்தகைக்காரர் தேடிக்கொண்டிருந்தார். வாரம் ஏழு நாளும் வேலை இருக்கிறது என்றார். நைனா ஆறு நாள் வருவார் என்றேன். ஏழாவது நாளுக்கு யார் என்று கேட்டார்.

“அதுக்கும் ஆளு கீது,” என்றேன்.

செங்கல்பட்டில் டிராக்டர் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித் தேறிவிட்டேன். வைக்கோல் வேலை முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்தேன். நைனா வாசலில் நின்று டயரை மட்டும் ஒரு தட்டு தட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. தோப்பு மணலில் பின்சக்கரம் ஒருமுறை புதைந்தது, நிதானமாக வெளியே எடுத்தேன்.

மதியத்துக்குள் ஒரு குவியலை முடித்தேன். கிளம்பும்போது தோப்பு வாசலில் இருந்த காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். ‘ஓட்டுநர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஏ. தமிழரசி என்று எழுதினேன். அதற்குக் கீழே, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான வரியிலும் எழுதிவிட்டு வந்தேன்.